பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவரே காதலராகவும் இருந்தால்?

தாழம்பூ | ஏப்ரல் 12, இரவு 10.40

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். இந்த மாதம் முதல் தேதி எங்கள் பிரிவின் துணை மேலாளர் யார் என்று அறிவித்தார்கள். மூன்று பேர் பட்டியலில் இருந்தோம். பதவி கிடைத்தது என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்ணுக்கு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் புதிதாகச் சேர்ந்தபோது, ஜிஎஸ்டி கணக்கைப் பொருத்திப் பார்ப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அவருக்கும் எங்கள் பிரிவு மேலாளருக்கும் ஒன்றரை ஆண்டுகளாக உறவு இருக்கிறது. மேலாளர் திருமணமானவர். எங்கள் மூவருக்கும் ஆண்டு மதிப்பீடு எழுதியவர் அவர். பரிந்துரைக் கடிதத்தில் இருக்கும் கையெழுத்தும் அவருடையதுதான்.

"விட்டுத் தள்ளு, அவரவர் செய்தது அவரவருக்கு" என்கிறார் என் கணவர். விட முடியவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்காக இரவு 11 மணி வரை உட்கார்ந்திருந்த நாட்கள் கண்முன் வந்து நிற்கின்றன. மகளுக்குக் காய்ச்சல் என்று அம்மா போன் செய்த இரவும் அவற்றில் ஒன்று.

என் கேள்வி இதுதான். இருவரும் வயது வந்தவர்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை. அப்படியானால் இங்கே தவறு என்ன? யாருடைய தவறு? அந்தப் பெண்ணின் மீது எனக்கு வரும் கோபம் நியாயமானதா? ஆறுதல் வேண்டாம், நினைப்பதை அப்படியே சொல்லுங்கள்.

கூடல்நகர் | ஏப்ரல் 12, இரவு 11.15

சகோதரி, நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன். இரண்டு பேர் விரும்பிப் பழகுவதில் மூன்றாமவருக்கு வேலை இல்லை. திருமணத்துக்கு வெளியே உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவையே 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்த மேலாளரின் மனைவி கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

தன் சாதிக்காரனுக்கு, தன் ஊர்க்காரனுக்கு, சனிக்கிழமை மாலை கூட உட்கார்ந்து குடிப்பவனுக்குப் பதவி கொடுப்பது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது. அதைக் கேட்டு யாரும் இங்கே விவாத இழை தொடங்குவதில்லை. ஒரு பெண் முன்னேறினால் மட்டும் வீட்டுக்குள் வரை எட்டிப் பார்க்கிறோம்.

பழைய_கணக்கர் | ஏப்ரல் 13, காலை 6.05

அரசு அலுவலகத்தில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மேலதிகாரியைக் குறை சொல்லி என்ன பயன்? இடம் கொடுத்தால்தானே மடத்தைப் பிடிப்பான்? பெண்கள் எல்லையோடு இருந்தால் எந்த அதிகாரியும் நெருங்க மாட்டான். நெருப்பில்லாமல் புகையாது. அந்தப் பெண் விலை கொடுத்து வாங்கினாள், வாங்கியது கிடைத்தது. உங்கள் கோபம் நியாயமானதே.

நெய்தல் | ஏப்ரல் 13, காலை 8.30

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை வைத்தே பதில் எழுதுகிறேன். நெருப்பில்லாமலும் புகையும். நானே அதற்குச் சாட்சி.

2016-இல் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஆண்டு முழுவதும் வடக்கே மூன்று மாநிலங்களுக்கு ரயிலில் அலைந்து, நிலுவையில் நின்றுபோன வசூலை மீட்டதற்காக வந்தது. அறிவிப்பு வந்த மறுநாள் கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. மண்டல மேலாளரோடு ஒரே ரயிலில் இரண்டு முறை போனேன் என்பது மட்டும்தான் அவர்களிடம் இருந்த ஆதாரம். அந்த மனிதர் என்னை "அம்மா" என்று அழைப்பவர். பேச்சு என் மாமியார் காது வரை போனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். எட்டு மாதங்களில் அந்த வேலையை விட்டேன்.

தாழம்பூ, உங்களை ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா, நீங்களாகவே சேர்த்து யோசித்தீர்களா? இதற்கு விடை சொல்லாமல் மேலே எதுவும் பேச முடியாது.

நீதிமன்ற_வாசல் | ஏப்ரல் 13, மதியம் 1.20

தொழிலாளர் வழக்குகள் நடத்துபவள் நான். 497 பற்றிச் சொன்ன நண்பருக்கு முதலில் ஒரு விளக்கம். அந்தத் தீர்ப்பு, அப்படி ஓர் உறவுக்காக ஒருவரைச் சிறையில் தள்ளக்கூடாது என்று சொன்னது. அலுவலகத்தில் மதிப்பெண் போடுகிறவர் யாரோடு உறவில் இருக்கலாம் என்பதைப் பற்றி அது பேசவே இல்லை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

தாழம்பூவின் கேள்விக்கு மிக அருகில் வரும் வழக்கு அமெரிக்காவில் நடந்தது. கலிபோர்னியாவில் ஒரு பெண்கள் சிறை. அதன் தலைமை அதிகாரி, தன் கீழ் வேலை செய்த மூன்று பெண்களோடு ஒரே காலகட்டத்தில் உறவு வைத்திருந்தார். பதவி உயர்வுகள் அந்த மூவரைத் தேடிப் போயின. ஒரு முறை நேர்காணல் குழுவினர் வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகும், மேலே இருப்பவர் விரும்புகிறார் என்று சொல்லி உயர்வு கொடுக்கப்பட்டது. அங்கே வேலை செய்த வேறு இரண்டு பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். கவனியுங்கள், அந்த அதிகாரி இந்த இரண்டு பெண்களையும் தவறான நோக்கத்தோடு நெருங்கியதில்லை. கீழ் நீதிமன்றங்கள் அதனாலேயே வழக்கைத் தள்ளின. 2005 ஜூலையில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எங்கோ ஓர் இடத்தில் ஒருவர் தன் காதலிக்குச் சலுகை காட்டுவது, அது எவ்வளவு அநியாயமாக இருந்தாலும், பொதுவாகப் பாலியல் துன்புறுத்தலில் சேராது. ஆனால் அதுவே அந்த இடத்தின் வழக்கமாகப் பரவிவிட்டால், இங்கே மேலே போக இதுதான் வழி என்ற செய்தி அங்குள்ள எல்லாப் பெண்களுக்கும் போய்ச் சேருகிறது. அந்தச் செய்தி பெண்களைச் சிறுமைப்படுத்துகிறது. அப்போது ஒதுக்கப்பட்டவர்களும் வழக்குத் தொடுக்கலாம் என்றது நீதிமன்றம்.

இந்தியாவில் நிலைமை வேறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையில் சலுகை தருவதாகச் சொல்லி நெருங்குவதையும் கெடுதல் செய்வதாக மிரட்டுவதையும் தெளிவாகக் குறிப்பிடுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவு, பதவி உயர்வு தருவதாகப் பொய் வாக்குறுதி கொடுத்து உறவு கொள்பவருக்குப் பத்தாண்டுகள் வரை சிறைத் தண்டனை என்கிறது. ஆனால் இவையெல்லாம் அந்த உறவுக்குள் இழுக்கப்பட்ட பெண்ணுக்கான பாதுகாப்பு. வெளியே நின்று வாய்ப்பை இழந்தவர், அதை மட்டும் வைத்துக்கொண்டு பாலியல் புகார்களை விசாரிக்கும் அலுவலகத்தின் விசாகா கமிட்டிக்குப் போனால் புகார் நிற்பது கடினம். அதற்காக உங்களுக்கு அநியாயம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல வேண்டிய வாசல் வேறு.

தாழம்பூ | ஏப்ரல் 14, இரவு 9.50

நெய்தல் கேட்ட கேள்வி நேற்றிலிருந்து என்னைத் தூங்க விடவில்லை. பதில் சொல்லிவிடுகிறேன். நானாகச் சேர்த்து யோசித்தது இல்லை. சென்ற தீபாவளிக்கு முன்பு அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். அன்று நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "பார்த்து நடந்துகொள்ளம்மா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவருடைய வேலையில் குறை சொல்ல முடியாது. வரித் தணிக்கை வந்தபோது மூன்று நாட்களும் அதிகாரிகளுக்கு முன்னால் நின்று பதில் சொன்னவர் அவர்தான். மேலாளர் இல்லாவிட்டாலும் ஒருவேளை அவருக்கே இந்தப் பதவி கிடைத்திருக்கலாம். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை.

அப்படியானால் நான் எதை இழந்தேன்?

வடக்கு_வாசல் | ஏப்ரல் 14, இரவு 10.35

எதை இழந்தீர்கள் என்றால், தோற்றதை நம்பும் உரிமையை இழந்தீர்கள்.

ஒரு போட்டியில் எனக்கு மேலே ஒருவர் வந்தால், சரி, அவர் என்னைவிடத் திறமைசாலி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடியும். இப்போது உங்களால் அது முடியாது. அவராலும் முடியாது, அதுதான் கொடுமை. அவர் தகுதியால் வென்றிருந்தாலும் அதை நிரூபிக்கும் வழியை அந்த மேலாளர் அடைத்துவிட்டார். மதிப்பெண் போடும் பேனாவை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டியவர் அவர். அதற்கு ஒன்றரை ஆண்டு அவகாசம் இருந்தது.

துணை மேலாளர் பதவி அந்த மனிதரின் சொந்தச் சொத்து இல்லை. வீட்டு நகையை விரும்பியவருக்குக் கொடுப்பதுபோல அதைக் கொடுக்க முடியாது. மூன்று பேரின் உழைப்பை நிறுத்துப் பார்க்கச் சொல்லி நிறுவனம் அவர் கையில் கொடுத்த தராசு அது.

ஊசிநூல் | ஏப்ரல் 15, காலை 7.10

நீங்கள் எல்லோரும் மேசை நாற்காலி இருக்கும் அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பின்னலாடைத் தையல் தளத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவள் நான். அங்கே பதவி உயர்வு என்றால் துணி எடுத்துக் கொடுக்கும் ஹெல்பராக இருப்பவர் டெய்லர் ஆவது, டெய்லராக இருப்பவர் செக்கிங் மேசைக்குப் போவது. அவ்வளவுதான். ஆனால் ஹெல்பருக்கும் டெய்லருக்கும் சம்பளத்தில் இருக்கும் வித்தியாசம், பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக இருக்கும்.

அதை முடிவு செய்பவர் லைன் சூப்பர்வைசர். யாருக்கு ஓவர்டைம், யாருக்குக் கஷ்டமான காலர் தையல், யாருக்குச் சுலபமான பக்கத் தையல், பொங்கலுக்கு யாருக்கு நான்கு நாள் விடுமுறை என்று எல்லாமே அவர் வாயில் இருக்கிறது. அவர் சிரித்தால் திரும்பச் சிரிக்க வேண்டும். போன் நம்பர் கேட்டால் கொடுக்க வேண்டும். முதலில் சிரிப்பு, பிறகு நம்பர், பிறகு டீ, பிறகு ஞாயிற்றுக்கிழமை. இதில் எந்தப் படியில் அந்தப் பெண் சம்மதித்தாள் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மைதான். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை மறுநாள் காலர் தையலில் உட்கார வைத்து, பீஸ் குறைகிறது என்று எல்லோர் முன்பும் திட்டுவதை மற்ற 40 பேரும் பார்க்கிறோம். பார்த்தவர்களுக்குத் தனியாகக் கட்டாயம் எதற்கு?

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண் கொல்லப்பட்டாள். அவளுக்குத் தொல்லை கொடுத்துவந்த சூப்பர்வைசர் கைதானான். அதன் பிறகுதான் பெண்களே நடத்தும் தொழிற்சங்கம் போராடி, வேலையிடத்தில் இப்படிப்பட்ட தொல்லைகளைத் தடுக்க 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தளத்தில் நடப்பதைக் கவனித்துச் சொல்ல, தைக்கும் பெண்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினார்கள். ஒரு பெண்ணின் உயிர் போன பிறகு அது வந்தது. "இடம் கொடுத்தால்தானே" என்று எழுதிய ஐயா, இதையும் ஒரு முறை படியுங்கள்.

கூடல்நகர் | ஏப்ரல் 15, காலை 11.00

ஊசிநூல் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அது வேறு உலகம், அங்கே நான் சொன்னது பொருந்தாது.

ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் நிற்கிறது. நம் ஊரில் வீட்டார் பார்க்காமல் நடந்த திருமணங்களில் எத்தனை அலுவலகத்தில் தொடங்கியவை! காலை 9 முதல் இரவு 8 வரை ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் மனிதர்களுக்கு அன்பு வராமல் இருக்குமா? மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்று பார்த்து அது வருவதில்லையே. ஒவ்வொன்றையும் குற்றம் என்றால் இது என்ன வாழ்க்கை?

வெள்ளாற்றங்கரை | ஏப்ரல் 15, இரவு 8.45

உங்கள் சந்தேகத்துக்கு என் வாழ்க்கையே பதில். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 14 பேர் கொண்ட குழுவுக்குத் தலைவனாக இருந்தேன். அதில் ஒருவர் இன்று என் மனைவி. பிடித்திருக்கிறது என்று இருவரும் சொல்லிக்கொண்ட மூன்றாம் நாள் மனிதவளத் துறைக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு நான் மதிப்பீடு எழுதக்கூடாது, நம் இருவரில் ஒருவரை வேறு குழுவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன்.

அவர்கள் உடனே சொன்ன பதில், "அந்தப் பெண்ணை மாற்றிவிடலாம்" என்பது. எனக்கும் முதலில் அது இயல்பாகவே பட்டது. அன்று மாலை அவர்தான் கேட்டார்: "இந்தத் திட்டத்தில் இரண்டு ஆண்டு உழைத்தது நான். அதிகாரம் உங்களிடம் இருந்ததால் சிக்கல் வந்தது. நான் ஏன் போக வேண்டும்?" கேட்டதில் தவறே இல்லை. நான் மாறினேன். போன இடத்தில் எனக்குக் குழுவும் இல்லை, பழகிய வேலையும் இல்லை. என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டு படி மேலே போய்விட்டார்கள். அந்த இழப்பு எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு அடுத்த ஆண்டு கிடைத்த உயர்வைப் பற்றி இந்த உலகத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்பு வந்தது தவறில்லை, நண்பரே. வந்த பிறகும் அந்த நாற்காலியை விடாமல் இருப்பதுதான் தவறு.

பணியாளர்_பிரிவு | ஏப்ரல் 16, காலை 10.15

மனிதவளத் துறையில் 17 ஆண்டுகளாக இருக்கிறேன். வெள்ளாற்றங்கரை செய்ததை என் அனுபவத்தில் இரண்டே பேர்தான் செய்திருக்கிறார்கள்.

தெரிவித்துவிட்டால் மட்டும் போதும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பால் வுல்போவிட்ஸ் 2005-இல் உலக வங்கியின் தலைவரானபோது அவருடைய தோழி அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தார். உறவை அவர் மறைக்கவில்லை, வங்கியின் நெறிமுறைக் குழுவிடம் தானே சொன்னார். தோழியை வெளியே, அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அனுப்புவது என்று முடிவானது. அதுவரை சரி. ஆனால் அவருக்கு எவ்வளவு சம்பள உயர்வு, திரும்பி வந்தால் என்ன பதவி என்ற நிபந்தனைகளை வுல்போவிட்ஸே சொல்லி எழுத வைத்தார். சம்பளம் ஆண்டுக்கு 1,90,000 டாலரைத் தாண்டியது. 2007-இல் விஷயம் வெளியே வந்து, அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியோடு பதவியை விட்டுப் போனார். அந்தப் பெண் பாவம், அவர் தலைவராக வருவதற்கு முன்பே தன் திறமையால் அங்கே இருந்தவர். ஊழியர்களின் கோபத்தில் பாதி அவர் தலையில் விழுந்தது.

மெக்டொனால்ட்ஸ் தலைவராக இருந்த ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கையும் பலர் அறிவீர்கள். ஊழியர் ஒருவரோடு உறவில் இருந்தார் என்று 2019 நவம்பரில் அனுப்பினார்கள். இருவர் சம்மதத்தோடும் நடந்தது என்பதால் கோடிக்கணக்கில் பணம் கொடுத்தே அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு தோண்டிப் பார்த்தபோது வேறு மூன்று ஊழியர்களோடும் உறவு இருந்தது என்றும், அவர்களில் ஒருவருக்குச் சிறப்புப் பங்கு ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார் என்றும் நிறுவனமே வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் 10.5 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார். 2025 செப்டம்பரில் நெஸ்லேயின் தலைமைச் செயல் அதிகாரியையும், தனக்கு நேரடியாகக் கீழே இருந்தவரோடான உறவை மறைத்ததற்காக நீக்கினார்கள்.

இவை பெரிய நிறுவனங்கள், பங்குச்சந்தையின் பயம் அவர்களுக்கு உண்டு. நம் ஊர் நடுத்தர நிறுவனங்களில் நடப்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். மேலாளர் கொண்டு வரும் வருமானம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். அதிகம் என்றால், புகார் சொன்னவரைக் கூப்பிட்டு, அவருடைய "மனப்பான்மை" பற்றிப் பேசுவோம். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

பெயர்_வேண்டாம் | ஏப்ரல் 16, இரவு 11.55

நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தாழம்பூ அக்காவின் அலுவலகத்துப் பெண் நான் இல்லை. ஆனால் வேறொரு நகரத்தில், வேறொரு நிறுவனத்தில், அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தவள்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. எனக்கு அப்போது 27 வயது. கல்விக் கடன் பாக்கி, தங்கையின் திருமணம். என் துறைத் தலைவர் என்னிடம் கனிவாக இருப்பது புரிந்தது. அந்தக் கனிவு எங்கே போகும் என்பதும் புரிந்தது. கணக்குப் போட்டுத்தான் போனேன். பதவி உயர்வு வேண்டும், இவர் நினைத்தால் நடக்கும் என்ற எண்ணம் என் மனதில் முதல் நாளே இருந்தது. பழைய கணக்கர் ஐயா எழுதியது என்னைக் குறித்தால், அதில் பாதி உண்மை.

மீதிப் பாதியையும் சொல்கிறேன். எட்டு மாதங்களில் பதவி வந்தது. அதன் பிறகு எனக்கு விலக வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. "யோசித்துச் சொல்" என்றார். அடுத்த வாரக் கூட்டத்தில் என் அறிக்கையைப் படிக்காமலேயே ஓரமாக வைத்தார். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் நானே போய், தவறாகப் பேசிவிட்டேன் என்றேன். அப்படி இன்னும் இரண்டு ஆண்டுகள். உள்ளே போகும்போது நான் போட்ட கணக்கில், வெளியே வருவதற்கு வழி உண்டா என்று பார்க்கவே இல்லை. கடைசியில் விலகியபோது அந்த ஆண்டு மதிப்பீட்டில் மிகக் கீழான நிலை. யாரிடம் போய்ச் சொல்வது? நீதானே போனாய் என்பார்கள். போனவள்தானே நான்.

எனக்கு மேலே ஒரு அக்கா இருந்தார். 15 ஆண்டு அனுபவம். அந்தப் பதவி அவருக்கு வர வேண்டியது. அறிவிப்பு வந்த அன்று அவர் என்னிடம் வந்து "வாழ்த்துகள்" என்று சொல்லிக் கையைப் பிடித்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையின் சூடு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் அவருக்குச் செய்தது தவறு. அதை என் வயது மீதோ கடன் மீதோ போட மாட்டேன்.

என் அறிக்கைகள் நன்றாகத்தான் இருந்தன என்று நினைக்கிறேன். அந்தப் பதவி அவற்றுக்குக் கிடைத்ததா என்பது எனக்கே தெரியாது. இனி தெரிந்துகொள்ளவும் முடியாது. வடக்கு வாசல் எழுதிய வரியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீதிமன்ற_வாசல் | ஏப்ரல் 17, காலை 9.30

தங்கையே, "போனவள்தானே நான்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியத்தைத்தான் 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்து ஆராய்ந்தது. ஒரு வங்கியில் பயிற்சிக் காசாளராகச் சேர்ந்த பெண். உதவிக் கிளை மேலாளர் வரை உயர்ந்தார். உயர்வுகள் முழுக்கத் தகுதியால் வந்தவை என்பதில் இரு தரப்பும் உடன்பட்டார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் மேலதிகாரி தன்னைப் பலமுறை உறவுக்கு உட்படுத்தினார், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இணங்கினேன் என்றார் அவர். விருப்பத்தோடு நடந்ததா என்று கேட்பது சரியான கேள்வி இல்லை, அந்த நெருக்கத்தை அவர் வரவேற்றாரா என்றுதான் கேட்க வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். இணங்குவதும் விரும்புவதும் ஒன்றல்ல.

நீ முதல் நாள் விரும்பிப் போயிருக்கலாம். மூன்றாவது வாரம் திரும்பிப் போனது விருப்பம் இல்லை. நம் 2013 சட்டத்தில் புகார் கொடுக்க மூன்று மாதம், காரணம் சொன்னால் மேலும் மூன்று மாதம்தான் அவகாசம். அது உனக்குக் கடந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குத் தனிச் செய்தி அனுப்பு, மற்றவற்றைப் பேசலாம்.

பழைய_கணக்கர் | ஏப்ரல் 17, மாலை 5.40

என் முதல் பதிவை அழிக்கச் சொல்லி நிர்வாகியிடம் கேட்க நினைத்தேன். பிறகு, இருக்கட்டும், எழுதியவன் நான்தானே என்று விட்டுவிட்டேன்.

1987. நான் இளநிலை உதவியாளர். எங்கள் அலுவலகத்தில் தட்டச்சராக ஒரு பெண் சேர்ந்தார். கணவரை இழந்தவர், கருணை அடிப்படையில் வந்த வேலை. அதிகாரி மாலை ஆறு மணிக்கு மேல் அவரை மட்டும் இருக்கச் சொல்வார். ஒரு நாள் அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, "அண்ணா, நீங்களும் கொஞ்ச நேரம் இருங்களேன்" என்று கேட்டார். எனக்கு ஆறே காலுக்கு பஸ். "நீங்கள் ஏன் அவரிடம் சிரித்துப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

மூன்று மாதத்தில் அவரை மாவட்டத்தின் கடைசித் தாலுகாவுக்கு மாற்றினார்கள். அதற்கான அலுவலகக் குறிப்பை எழுதி வைத்தவன் நான். "நிர்வாக நலன் கருதி" என்று எழுதினேன். அந்தச் சொற்களை அதிகாரி சொல்லவில்லை, நானாகவே எழுதினேன். வழக்கமாக எழுதுவது அதுதான்.

இத்தனை ஆண்டுகள் அதை நினைத்ததே இல்லை. ஊசிநூல் எழுதியதைப் படித்த அன்று நினைவுக்கு வந்தது.

நெய்தல் | ஏப்ரல் 17, இரவு 7.05

ஐயா, எழுதியதற்கு நன்றி. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பணியாளர்_பிரிவு | ஏப்ரல் 17, இரவு 9.20

தாழம்பூ, உங்களுக்கு ஒரு யோசனை. கடிதம் எழுதுங்கள். அதில் உறவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயரைக் குறை சொல்லும் விதத்தில் எங்கும் கொண்டு வராதீர்கள். மூன்று கேள்விகள் போதும். இந்தப் பதவிக்கு எந்த அளவுகோல்கள் வைக்கப்பட்டன, மூவருக்கும் மதிப்பெண் போட்டவர்கள் யார், பிரிவுக்கு வெளியிலிருந்து ஒருவராவது அந்த மதிப்பீட்டைச் சரிபார்த்தாரா. மூன்றாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. பிரிவுக்குச் சம்பந்தமில்லாத இருவரை வைத்து மூன்று பேரையும் மறுமதிப்பீடு செய்யுங்கள் என்று கேளுங்கள்.

இதனால் உங்களுக்குப் பதவி கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைக் கஷ்டப்படுத்தவும் செய்யலாம். வீட்டில் பேசிவிட்டு முடிவு எடுங்கள்.

தாழம்பூ | ஏப்ரல் 21, இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வந்தேன்.

கணவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடிதத்தை நான் படித்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குள் எழுதினோம். மூன்று கேள்விகள், ஒரு கோரிக்கை.

அனுப்புவதற்கு முன்பு அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "வேறு ஆட்களை வைத்து மறுபடி பார்த்தால் எனக்கும் நல்லதுதான், அக்கா" என்றார். உண்மையாகச் சொன்னாரா, வேறு வழியில்லாமல் சொன்னாரா என்று தெரியவில்லை. பிறகு, "எனக்கு அவரிடமிருந்து வெளியே வர வேண்டும்" என்றார். இந்த முறை நான் "பார்த்து நடந்துகொள்" என்று சொல்லவில்லை. பெயர் வேண்டாம் என்ற தங்கை எழுதியதை என் போனில் எடுத்துப் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீதிமன்ற வாசல் அம்மாவின் பெயரையும் சொல்லியிருக்கிறேன். அவரே எழுதுவார்.

கடிதம் நேற்றுப் போய்விட்டது. நாளை 11 மணிக்கு என்னை மனிதவளத் துறைக்கு அழைத்திருக்கிறார்கள். மேலாளரும் இருப்பாராம்.

நீதிமன்ற_வாசல் | ஏப்ரல் 21, இரவு 10.25

மேலாளர் இருக்கும் அறையில் பேச மாட்டேன் என்று இன்று இரவே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கடிதத்தின் நகலில், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா? இல்லாவிட்டால் நாளை உள்ளே நுழைந்ததும் முதலில் அதை வாங்குங்கள். காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள், நான் விழித்திருப்பேன்.